டயர்ப் பள்ளத்தில் கண்ணாடித் தலைப்பிரட்டை: தேடுவதும் காப்பதும், ஒரு மருந்துத் தண்டலின் குறிப்புகள்

கண்ணாடித் தவளை மலேசியாவில் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பாதி வாக்குவாதம் குறையும். டிக்டாக்கில் பச்சைத் தவளையைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டவைத்து, அடிப்பக்கமிருந்து இதயம் துடிப்பதைக் காட்டுகிறார்களே, அது தெற்கு மெக்சிகோ தொடங்கி பொலிவியா, அர்ஜென்டினா, பிரேசில் பக்கம் வரைக்கும் உள்ள காட்டு ஓடைகளில் இருப்பது. அந்தக் குடும்பத்தில் 150 இனங்களுக்கு மேல் உண்டு. பெரும்பாலானவை 2, 3 சென்டிமீட்டரைத் தாண்டாது. பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எந்த ஆற்றில் இறங்கினாலும் அது கிடைக்காது.

லயத்துப் பிள்ளைகள் அத்தோடு விடுவார்களா? "அப்ப நம்ம ஊர்ல உள்ளுக்குள்ள தெரியிற மாதிரி ஒண்ணுமே இல்லியா மாமா?" என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள். இருக்கிறது. செம்பனைப் பழம் ஏற்றும் லோரி அழுத்திவிட்டுப் போன டயர்ப் பள்ளத்திலேயே இருக்கிறது. பார்க்கத் தெரிய வேண்டும், பார்த்த பிறகு அதைச் சாகடிக்காமல் இருக்கத் தெரிய வேண்டும். இந்தக் குறிப்பு அந்த இரண்டுக்கும்தான்.

நான் செம்பனைத் தோட்டத்தில் மருந்து அடிக்கும் கூட்டத்துக்குத் தண்டல், அதாவது மேற்பார்வையாளன். களைக்கொல்லி பம்ப் சுமக்கிற கூட்டத்தை மேய்ப்பவன் தவளையைப் பற்றி எழுதுகிறானா என்று சிரிப்பவர்கள் சிரிக்கலாம். தோட்டத்தில் எந்தத் தண்ணீர் எத்தனை நாள் நிற்கும், எதில் என்ன கலந்திருக்கும் என்பது மருந்துக்காரனுக்குத் தெரிகிற அளவு வேறு யாருக்கும் தெரியாது.

எதைத் தேடுகிறோம்

தவளையின் பெயர் மைக்ரோஹைலா ஹேமொன்சி. தைவானில் கிடைத்ததை வைத்து 1911-ல் விவரித்தார்கள், ஆனால் தென்கிழக்கு ஆசியா முழுக்க இருக்கிறது. வளர்ந்த தவளை 2 சென்டிமீட்டரும் கொஞ்சமும்தான். முதுகு வெளிர் பழுப்பு, விலாப்பக்கம் கறுப்பு. முதுகின் நடுவே மயிரிழைபோல வெளிறிய கோடு ஒன்று ஓடும். அந்தக் கோட்டின் இரு பக்கமும் அடைப்புக்குறி போட்டதுபோல் சின்னக் கறுப்பு வளைவு இருந்தால் அதுதான், சந்தேகமே வேண்டாம்.

வளர்ந்ததன் உடம்புக்குள் எதுவும் தெரியாது. தலைப்பிரட்டைதான் கண்ணாடி. உடம்பின் பெரும்பகுதி ஊடுருவித் தெரியும். வாய் மேல்நோக்கிப் புனலாக விரிந்திருக்கும். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே அசையாமல் நின்றுகொண்டு, மேலே மிதக்கும் தூசியையும் பாசியையும் அந்தப் புனலால் உள்ளே இழுக்கும். அடியில் மேயும் மற்றத் தலைப்பிரட்டைகளைத் தேடிப் பழகிய கண்ணுக்கு இது முதலில் தட்டுப்படாது. தண்ணீரில் இரண்டு கரும்புள்ளிகள் மட்டும் மிதக்கும். அவை கண்கள்.

மற்றவற்றை ஒதுக்குவது சுலபம். கன்னங்கரேலென்று கூட்டமாக மொய்த்தால் தேரைக் குஞ்சுகள். மூக்கு நுனியில் வெள்ளிப் பொட்டு ஒன்று மின்னினால் மரத்தவளையுடையது. அந்த மரத்தவளை முட்டையைத் தண்ணீரில் போடாது, தண்ணீருக்கு மேலே இலையிலோ சுவரிலோ நுரைக் கூடு கட்டித்தான் போடும். தொட்டிச் சுவரில் வெண்ணிற நுரையைப் பார்த்து யாரோ துப்பிவிட்டுப் போனதாக நினைத்து துடைப்பத்தால் தள்ளுகிறவர்கள் லயத்தில் அநேகம். தள்ளாதீர்கள்.

எப்போது, எங்கே

பேராக்கில் மழை வலுப்பது ஏப்ரல், மே மாதங்களிலும், பிறகு அக்டோபர், நவம்பரிலும். இந்தத் தவளை மழைக்குத்தான் பாடும். சாயங்காலம் கொட்டித் தீர்த்துவிட்டு ஏழரை, எட்டு மணிக்கு விட்டதென்றால் அன்றைக்குப் போகலாம். தூறல் நாள் வேண்டாம்.

இடம் மூன்று சொல்கிறேன். முதலாவது, தோட்டச் சாலையில் லோரியும் டிராக்டரும் பதித்த பள்ளம். இரண்டாவது, வயலுக்கு நடுவே வெட்டிய மண்கான் (மண் வடிகால்), அதுவும் தண்ணீர் ஓடாமல் தேங்கி நிற்கிற முனை. மூன்றாவது, பழைய லயத்துக்குப் பின்னால் புல் முளைத்த தாழ்வான இடம். வீட்டு முன்னால் இருக்கும் சிமெண்டு லோங்காங்கில் (சாக்கடையில்) தேடிப் பயனில்லை. சோப்புத் தண்ணீரும் எண்ணெயும் போகிற இடத்தில் இது வாழாது. மீன் உள்ள குளத்திலும் தேட வேண்டாம், மீன் விட்டுவைக்காது. நாலு வாரத்தில் காய்ந்துபோகிற பள்ளம்தான் இதற்குச் சொர்க்கம், ஏனென்றால் அங்கே மீன் வளர நேரம் இல்லை.

காதால் பிடிப்பது

கண்ணால் தேடினால் விடிந்துவிடும். சீப்பின் பற்கள்மேல் நகத்தை ஓட்டினால் வருமே, அந்தச் சத்தம்தான் ஆண் தவளையின் அழைப்பு. இரண்டு சென்டிமீட்டர் உடம்பிலிருந்து அவ்வளவு சத்தமா என்று இருக்கும். அடித்தொண்டையில் "ஓங்… ஓங்…" என்று தரையே அதிர்வதுபோல் வந்தால் அது கலூலா, உருண்டையாகப் பழுப்புப் பட்டையோடு இருப்பது. நிறுத்தாமல் "கிர்ர்ர்" என்று நீட்டினால் தேரை. ஒற்றை "கொக்" விட்டு விட்டு வந்தால் மரத்தவளை.

நீங்கள் பள்ளத்தை நெருங்கியதும் எல்லாம் கப்சிப் ஆகிவிடும். விளக்கை அணைத்துவிட்டு நின்ற இடத்திலேயே நில்லுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் ஒன்று ஆரம்பிக்கும், பிறகு மற்றவை சேர்ந்துகொள்ளும். இரண்டு பேர் போயிருந்தால் ஆளுக்கொரு பக்கம் ஐந்தாறு அடி தள்ளி நின்று, சத்தம் வரும் திசையைக் கையால் காட்டுங்கள். இரண்டு கையும் சந்திக்கும் இடத்தில் தவளை இருக்கும். பெரும்பாலும் புல்லின் அடியில், சேற்றோடு சேறாக உட்கார்ந்திருக்கும். பார்த்துவிட்டுப் பள்ளத்தை மனத்தில் குறித்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். முட்டை மெல்லிய ஏடாக நீர்மட்டத்தில் மிதக்கும். அடுத்த வாரம் பகலில் போனால் தலைப்பிரட்டை இருக்கும்.

கொண்டுபோக வேண்டியவை

நெற்றி விளக்கு ஒன்று. பால்மரக் (ரப்பர்) காலத்தில் விடியுமுன் மரம் வெட்டிப் பாலெடுக்கப் போனவர்கள் நெற்றியில் கட்டிக்கொண்டு போனார்களே, அதன் பேரன் இப்போது ஹார்ட்வேர் கடையில் எல்ஈடியாகத் தொங்குகிறது. இரண்டு கையும் சும்மா இருக்க வேண்டும், அதனால் கைவிளக்கு வேண்டாம். காயா ஜாம் பாட்டில், லேபல் உரித்துக் கழுவிக் காயவைத்தது. ஐஸ்கிரீம் டப்பாவின் வெள்ளை மூடி. போனில் மாட்டும் சின்ன லென்ஸ் ரெண்டு வெள்ளி (ரிங்கிட்) கடையிலேயே கிடைக்கும். வலை தேவையில்லை, வலையில் சிக்கினால் புனல் வாய் கிழிந்துபோகும்.

ரப்பர் பூட்ஸ் கட்டாயம். செலிப்பரோடு வருகிறவனை நான் கூட்டிக்கொண்டு போவதில்லை. எலி நிறைய, அதனால் நாகமும் நிறைய. வெட்டிப்போட்ட செம்பனை மட்டை அடுக்கின்மேல் கால் வைக்காதீர்கள், நாகம் அதற்கடியில்தான் சுருண்டு கிடக்கும். எலி மூத்திரம் கலந்த தண்ணீரிலிருந்து வரும் காய்ச்சல் ஆளைக் கொல்லும். காலில் கையில் வெட்டுக்காயம் இருக்கிற அன்றைக்குப் போகாதீர்கள், வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தோட்டத்துக்குள் ராத்திரி போவதாக இருந்தால் ஜாகாவிடம் (காவல்காரரிடம்) முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பழம் திருடுகிறவர்கள் பெருகிவிட்ட காலம், விளக்கைப் பார்த்ததும் அவர் வேறு மாதிரி நினைப்பார்.

பாட்டிலில் பார்ப்பது

இதைப் பொறுமையாகச் சொல்கிறேன், இதில்தான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள்.

கையில் கொசு மருந்து, லோஷன், எதுவும் இருக்கக்கூடாது. தவளைக்கும் தலைப்பிரட்டைக்கும் தோல்தான் பாதி மூச்சு. கையில் இருப்பது நேராக உள்ளே போகும். பாட்டிலைப் பள்ளத்துத் தண்ணீரில் சாய்த்து மெதுவாக அமுக்குங்கள். தண்ணீர் உள்ளே போகும்போது மேல்மட்டத்தில் நிற்பதும் சேர்ந்து போகும். விரட்ட வேண்டாம். குழாய்த் தண்ணீரை ஒரு சொட்டும் சேர்க்காதீர்கள், அதில் குளோரின் இருக்கிறது. ஒன்றிரண்டு போதும்.

பாட்டிலை வெயிலில் வைக்காமல் நிழலில் வெள்ளை மூடிமேல் வையுங்கள். பக்கவாட்டிலிருந்து விளக்கைப் பிடியுங்கள், மேலிருந்து பிடித்தால் கண்ணாடி கூசும். பின்னால் கறுப்புத் துணி வைத்தால் உடம்பின் ஓரம் தெரியும், வெள்ளைத் தாள் வைத்தால் குடல் தெரியும். இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள்.

கொஞ்ச நேரத்தில் நீர் அமைதியாகும், அதுவும் வழக்கமான நிலைக்கு வந்து நிற்கும். வாலின் நுனி மட்டும் நடுங்கிக்கொண்டே இருக்கும். லென்ஸை மாட்டிப் பார்த்தால் வயிற்றில் சுருட்டிய குடல், தின்ற பாசியின் நிறத்தோடு. அதற்கு முன்னால், தொண்டைக்குக் கீழே, சிவப்பாக ஒன்று சுருங்கி விரியும். பிள்ளைகள் அந்த இடத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு எண்ண ஆரம்பிப்பார்கள். எண்ணட்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், பாட்டில் தண்ணீர் சூடாகிவிடும். எடுத்த பள்ளத்திலேயே திரும்ப விடுங்கள், பக்கத்துப் பள்ளத்தில் அல்ல.

இந்த இடத்தில்தான் கண்ணாடித் தவளையின் கதையைச் சொல்வேன். நம்முடையது சின்ன வயதில் கண்ணாடி, பெரிதானதும் சாதாரணம். அமெரிக்கக் கண்டத்துக்காரன் வளர்ந்த பிறகும் கண்ணாடி, அதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறான். தசையும் தோலும் ஊடுருவித் தெரிந்தாலும் ரத்தம் சிவப்புத்தானே, அது காட்டிக்கொடுத்துவிடுமே? பகலில் இலைக்கடியில் தூங்கும்போது சிவப்பணுக்களில் 89 சதவீதத்தைக் கொண்டுபோய் ஈரலுக்குள் ஒளித்துவிடுகிறது என்று 2022-ல் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஹைலினோபாட்ரேகியம் ஃபிளெய்ஷ்மன்னி என்ற இனத்தில் பார்த்தது. தூக்கத்தில் இரண்டு மூன்று மடங்கு அதிகமாக ஊடுருவித் தெரியுமாம். விழித்ததும் ரத்தம் மறுபடி ஓடும். அத்தனை அணுக்களை ஓரிடத்தில் நெரித்துவைத்தும் ரத்தம் உறைவதில்லை. நமக்கு அப்படி ஆனால் ஆளே போய்விடுவோம், அதனால்தான் மருத்துவர்களும் இதைக் கவனிக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. அந்த இனத்தில் பெண் தவளை ஓடைக்கு மேலே தொங்கும் இலையில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும், காவல் இருப்பது அப்பன். முட்டை காயாமல் இருக்க ராத்திரியில் வயிற்றை அதன்மேல் அழுத்தி ஈரம் கொடுப்பான். பொரித்த குஞ்சு இலையிலிருந்து நேராக ஓடையில் விழும். ஓடைக்கு மேலே கிளை இல்லையென்றால் அந்த வம்சமே இல்லை. கரையில் மரத்தை வெட்டக்கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா?

பூட்ஸைக் காயவைப்பது

இது சின்ன வேலை, ஆனால் விடக்கூடாது. உலகம் முழுக்கத் தவளைகளைக் கொன்றுகொண்டிருக்கும் ஒரு பூஞ்சை இருக்கிறது, கைட்ரிட் என்பார்கள். 1999-ல்தான் அதற்குப் பெயரே வைத்தார்கள். தோலைக் கெடுத்து, உப்பும் தண்ணீரும் போய்வருவதைக் குலைத்து, கடைசியில் இதயத்தை நிறுத்திவிடும். குறைந்தது 501 இனங்களின் எண்ணிக்கை இதனால் சரிந்தது என்றும், அதில் 90 இனங்கள் அழிந்துவிட்டதாகக் கருதப்படுகிறது என்றும் 2019-ல் கணக்குச் சொன்னார்கள். மத்திய, தென் அமெரிக்கத் தவளைகள்தான் அதிகம் அடிபட்டன. ஈரத்திலும் சேற்றிலும் பரவுவது அது. ஒரு தோட்டத்தில் மிதித்த சேற்றோடு இன்னொரு இடத்து அருவிக்குப் போகாதீர்கள். பூட்ஸைத் தேய்த்துக் கழுவி நல்ல வெயிலில் முழுக்கக் காயவையுங்கள். ஈரம் முழுக்கக் காய்ந்தால் அந்தப் பூஞ்சை தாங்காது.

கடையில் வாங்கிய வெளிநாட்டுத் தவளையைச் சலித்துப்போய்க் கானில் விடுவதும் இதே மாதிரி ஆபத்து. கண்ணாடித் தவளையை இணையத்தில் விற்கிறார்கள் என்று யாராவது காட்டினால் வாங்காதீர்கள். 2022 நவம்பரில் பனாமாவில் நடந்த சைட்டிஸ் மாநாட்டில் (காட்டு உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் அது) அந்தக் குடும்பம் முழுவதையும் இரண்டாம் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். உரிமம் இல்லாமல் நாடு தாண்டக்கூடாது.

மருந்து அடிப்பவர்களுக்கு

என் ஆட்களுக்குச் சொல்வதை அப்படியே எழுதுகிறேன். மருந்து மரத்தடி வட்டத்துக்கும் பழம் வெட்டும் பாதைக்கும்தான். மட்டை அடுக்கிய வரிசையில் அடிக்காதே. அங்கே ஈரம் நிற்கும், தவளை பகலெல்லாம் அங்கேதான் ஒண்டியிருக்கும். தண்ணீர் நிற்கும் பள்ளம் வந்தால் நாஸிலை மூடிக்கொண்டு தாண்டு. பாராகுவாட் களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் நாட்டிலேயே தடை, பழைய சரக்கு எங்காவது இருந்தாலும் தொடாதே.

கிளைபோசேட் களைக்கொல்லி ஆபத்தில்லை என்று சொல்லிக் கானுக்குள்ளேயே அடிக்கிறவர்கள் உண்டு. இலையில் ஒட்டிப் பரவுவதற்காக அந்த மருந்தில் சோப்புத்தன்மையுள்ள ஒன்றைக் கலந்திருப்பார்கள். பல தயாரிப்புகளில் மருந்தைவிட அதுதான் தலைப்பிரட்டைக்கு எமன், செவுளைக் கெடுத்துவிடும். பம்ப்பைக் கானில் கழுவுவது ஒரு டின் மருந்தை அங்கே ஊற்றுவதற்குச் சமம். கழுவுகிற தண்ணீரைத் திரும்பப் பம்ப்பிலேயே ஊற்றி, அடுத்த கலவைக்கு வைத்துக்கொள்ளலாம். செலவும் மிச்சம். வங்காளதேசத்துப் பையன்களுக்கு ஒருமுறை பாட்டிலில் இதயத்தைக் காட்டினேன். அதற்குப் பிறகு கானில் பம்ப் கழுவுவதைப் பற்றி நான் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

ஆற்றங்கரைக்கு அளவு இருக்கிறது. நீர்ப்பாசன இலாகாவின் வழிகாட்டுதல்படி ஓடை 5 மீட்டருக்கும் குறைவான அகலம் என்றால் இரு கரையிலும் 5 மீட்டர் விட வேண்டும். 5 முதல் 10 மீட்டர் ஓடைக்கு 10 மீட்டர், 10 முதல் 20 மீட்டருக்கு 20. எங்கள் பக்கம் அந்த எல்லை மரங்களில் சிவப்பு வளையம் போட்டிருக்கிறோம், அதற்கு அந்தப்பக்கம் பம்ப் போகாது, உரமும் போகாது. உங்கள் தோட்டத்தில் வளையம் இல்லையென்றால் கிராணியிடம் (தோட்ட எழுத்தரிடம்) கேளுங்கள். எம்எஸ்பிஓ (மலேசிய நீடித்த செம்பனை எண்ணெய்) சான்றிதழ் 2020-லிருந்து கட்டாயம், ஆடிட்டர் வந்தால் கரையைத்தான் முதலில் பார்ப்பார். தவளைக்காக என்று கேட்டால் சிரிப்பார்கள். ஆடிட்டுக்காக என்று கேளுங்கள்.

சாலைப் பள்ளத்தை நிரப்ப வேண்டாமென்று நான் சொன்னால் லோரிக்காரர் அடிக்க வருவார். நிரப்புங்கள். மழைக்காலம் முடிந்து பள்ளம் தானாகக் காய்ந்த பிறகு நிரப்புங்கள் என்றுதான் கேட்கிறேன். அதற்குள் குஞ்சுகளுக்குக் கால் முளைத்துப் புல்லுக்குள் போயிருக்கும். சாலையோரத்தில் லோரி ஏறாத ஒரு தாழ்வை மட்டும் நிரப்பாமல் விட்டுவைத்தால் இன்னும் நல்லது.

வீட்டில் தவளைக்கென்று வாளியிலோ டயரிலோ தண்ணீர் தேக்கிவைக்காதீர்கள். அது தவளைக்கு முன்னால் ஏடிஸ் கொசுவுக்குத்தான் வீடாகும், சுகாதார இலாகா சம்மன் கொடுத்தால் நியாயம்தான். தரையில் மண்பள்ளம் வேறு, வீட்டோரம் கிடக்கும் பாத்திரம் வேறு. ஏடிஸுக்குப் பாத்திரம்தான் பிடிக்கும்.

எழுதிவைப்பது

பார்த்ததைப் பதிந்தால்தான் நாளைக்கு யாராவது "இங்கே தவளையே இல்லை" என்று கானை மூட வரும்போது காட்ட ஒன்று இருக்கும். உயிரினங்களைப் பார்த்ததைப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் செயலி இலவசம். படம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, போனில் அரை நிமிடம் சத்தத்தைப் பதிவுசெய்து ஏற்றுங்கள், தெரிந்தவர்கள் குரலை வைத்தே இனம் சொல்லிவிடுவார்கள். முதுகுக் கோடு தெரிகிற படம் ஒன்று, பள்ளத்தின் படம் ஒன்று. தேதி, நேரம், மழை எப்போது விட்டது, பக்கத்தில் கடைசியாக எப்போது மருந்து அடித்தார்கள். கடைசி விவரத்தை யாரும் எழுதுவதில்லை, அதனால்தான் அதற்கு மதிப்பு.

காட்டோரம் போய் வித்தியாசமான எதையாவது பார்த்தால் இடத்தைத் துல்லியமாகப் போடாமல் மறைத்துப் போடுங்கள், செயலியிலேயே அதற்கு வசதி உண்டு. பிடித்து விற்கிறவர்களும் அதே படத்தைத்தான் பார்க்கிறார்கள். வனக் காப்பகத்துக்குள் அனுமதி இல்லாமல் போய்ப் பிடிக்கவும் கூடாது.

சின்னத் தவளைதானே, புதிதாக என்ன இருக்கப்போகிறது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. இதே மைக்ரோஹைலா சாதியில் சரவாக்கின் குபா தேசியப் பூங்காவில், குடுவைச் செடியின் தண்ணீருக்குள் குஞ்சு வளர்க்கும் ஒரு தவளையை இந்திரநீல் தாஸ், அலெக்சாண்டர் ஹாஸ் இருவரும் 2010-ல் உலகத்துக்கு அறிவித்தார்கள். ஆணின் நீளம் 10.6 முதல் 12.8 மில்லிமீட்டர். அருங்காட்சியகங்களில் அதன் மாதிரிகள் முன்பே இருந்திருக்கின்றன, வேறு இனத்தின் குஞ்சு என்று நினைத்து வைத்திருந்தார்கள். அதைக் கண்டுபிடிக்க முதலில் உதவியது கண்ணல்ல, ராத்திரியில் கேட்ட அதன் குரல். அதனால் பதிவு பட்டனை அழுத்திவிட்டுப் பேசாமல் நில்லுங்கள், பின்னால் பேச்சுச் சத்தம் கேட்டால் ஒன்றுக்கும் ஆகாது.